செல்ஃப் எடுக்காத சிரிப்பு

போன வாரம் ஒரு பெண் போனில் எழுதியிருந்தாள். என் பழைய நாவல் ஒன்றை யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்களாம். "அக்கா, அந்த பஸ் பைத்தியம் ஹீரோ செம க்யூட். இப்படி ஆளுங்கள எங்க புடிக்கிறீங்க?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனேன்.

பத்தாவதோடு நின்ற எனக்கு ஆட்களோடு பேச வராது. கல்யாண வீட்டுக்குக்கூடக் கடைசிப் பந்தி நேரம் பார்த்துத்தான் போவேன். ஆனால் காகிதத்தில் வாய் நீளம். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிற்றில் தொங்குமே மாத நாவல், அதில் சிரிப்புக் காதல் கதைகள் எழுதிக்கொண்டிருந்தேன். நாயகர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கிறுக்குப் பிடித்தவர்கள். தபால்தலையை நக்கிப் பார்த்தே நாடு சொல்லும் கம்பவுண்டர், ரேடியோவைப் பிரித்துவிட்டு மறுபடி பூட்டத் தெரியாமல் விழிக்கும் கணக்கு வாத்தியார். தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குள் எல்லோருக்கும் தாலி கட்டவைத்துவிடுவேன்.

அந்த மட்டக் காகிதத்தை நினைத்தால் டீசல் வாசனையும் சேர்ந்தே வருகிறது. எழுதியதைத் தபாலில் சேர்ப்பது என் அண்ணன் தங்கராசு. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை. கதையில் ஒரு வரி படிக்கமாட்டான். எங்கள் ஊர் புதுச்சத்திரம் வழியாகப் போகும் ஒவ்வொரு பஸ்ஸையும் நோட்டில் எழுதி வைத்திருந்தான், எத்தனை மணி, என்ன ஹாரன், யார் டிரைவர் என்று. சோற்றில் கை வைத்தபடியே தலையைத் தூக்குவான். "நாமக்கல் வண்டி. மூணு நிமிசம் லேட்டு. டிரைவர் மாத்தி."

அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "இவனுக்கு ஆரு பொண்ணு குடுப்பா? டெப்போக்காரன்தான் குடுக்கோணும்."

தம்மம்பட்டியில் கொடுக்கச் சம்மதித்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் இருவரையும் தனியாகப் பேசச் சொன்னதும் இவன் கேட்ட முதல் கேள்வி, "உங்கூருக்கு மொத வண்டி எத்தன மணிக்குங்க?" அவள் சட்டென்று நேரம் சொன்னதோடு, அந்த வண்டி மேடேறும் சத்தத்தையும் வாயால் செய்து காட்டினாளாம். வந்து, நான் அரிசி புடைக்கும் இடத்தில் குந்திக்கொண்டு சொன்னான். "செல்ஃப் எடுக்காத வண்டியாட்டம் உட்டு உட்டுச் சிரிக்கறா புள்ள. ஆருகிட்டயும் சொல்லீராத."

சொல்லவில்லை. எழுதினேன்.

அந்த மாதக் கதைக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன். கேள்வி, மேட்டுச் சத்தம், சிரிப்பு எல்லாம் அப்படியே போயின. சிரிப்புக்கு மட்டும் கொஞ்சம் புகை கூட்டினேன். ஊர்ப் பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பு.

நிச்சயம் முடிந்த பிறகு நாவல் வந்தது. தங்கச்சி எழுதியது என்ற பெருமையில் அண்ணனே ஒன்று வாங்கி, படிக்காமலே ராசிபுரம் போய், தம்மம்பட்டி பஸ் கண்டக்டரிடம் அவளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டான். "படிச்சுப்போட்டுச் சிரிப்பா பாரு" என்று என்னிடம் வந்து சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் அடுத்த வண்டி பிடித்தாவது போய் அவள் முன்னால் நின்றிருப்பான். வண்டி நேரமெல்லாம் அவனுக்குத் தெரியும்.

நாலாம் நாள் அதே கண்டக்டர் புத்தகத்தை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தார். ஒரு பக்கத்தின் முனை மடிந்திருந்தது. "அந்தப் பொண்ணு குடுக்கச் சொல்லுச்சுங்க. சிரிப்பு வரலையாம், சொல்லச் சொல்லுச்சு." மறுவாரம் அவள் வீட்டுப் பெரியவர்கள் வந்து நிச்சயத் தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றுதான் அண்ணன் என் நாவலை முதன்முதலாகப் படித்தான், கடைசிப் பக்கத்துத் தாலி வரைக்கும். "நல்லாத்தான் எழுதீருக்கற" என்றான். திட்டியிருக்கலாம். அதன்பிறகு அவன் நோட்டைத் தொடவில்லை, வேறு பெண் பார்க்கவும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் எழுதுவதை விட்டேன். தியாகமெல்லாம் இல்லை. யாரைப் பார்த்தாலும் எழுதிவிடுவேனோ என்ற பயம்தான்.

நாவல் தொங்கிய கயிற்றில் இப்போது போன் கவர் தொங்குகிறது. அம்மா போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு நரைத்த தலைகள்தான். நேற்றுச் சாப்பிடும்போது ரோட்டில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துப் போனது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் துணிந்து கேட்டேன்.

"எந்த வண்டிங்கண்ணா அது?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் தலையைத் தூக்கவில்லை.

"ஏதோ ஒரு பஸ்சு."