மூக்குத்தி இருந்த பக்கம்

உயிரோடு இருக்கிறவர்களுக்குப் போன் போதும். செத்துப்போனவர்களுக்குத்தான் பெரிய திரை வேண்டியிருக்கிறது. நல்லம்பள்ளியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் டிசைன் கடை நடத்தி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான் என்று மகனிடம் சொன்னால் அவன் சிரிக்கிறான்.

அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே என் கம்ப்யூட்டரைப் பற்றி ஆரம்பித்துவிடுவான். "ஏம்மா, இந்தக் காலத்துல இத்தாம்பெரிசு யாரு வெச்சிருக்காங்க? ஒரு லேப்டாப் எடுத்துக்கலாம். உன் வேலைல பாதி போன்லயே முடியும்."

இருபத்தேழு அங்குலத் திரை. பெட்டி தனியாகக் கிடையாது, உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் திரையின் முதுகிலேயே அடக்கம். ஆல்-இன்-ஒன் என்று சொல்லி விற்றார்கள். என் கடையின் அகலத்துக்கு ஒரு கட்டில் போட்டால் சரியாகிவிடும். மேசைக்கடியில் பெட்டியை வைத்தால் என் காலை எங்கே வைப்பது? போதாததற்கு, பழைய பெட்டிக்குள் எலி குடித்தனம் நடத்தி ஒயரையெல்லாம் கடித்து வைத்திருந்தது. அதனால் ஒற்றை ஒயரோடு வந்த இந்த மகாராணியைச் சூடம் காட்டித்தான் வரவேற்றேன். இப்போது மகாராணிக்கு வயதாகிவிட்டது. ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வரலாம். தருமபுரியில் ஒரு ரிப்பேர்காரரிடம் காட்டினேன். "திரை புதுசாட்டம் இருக்குதுங்க. உள்ள இருக்கறதுதான் ஓஞ்சு போச்சு. தனித்தனியா மாத்தவும் முடியாது. ஒண்ணு போனா மொத்தமும் போன மாதிரிதான்," என்றார். மனுஷ உடம்பைப் பற்றிச் சொல்கிறாரோ என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் வாட்ஸப்பில் வந்து வாட்ஸப்பிலேயே முடிந்துவிடும். "சூப்பர்க்கா, அடிச்சிருங்க" என்று ஒரு வரி. மாப்பிள்ளை பெயர் தப்பாக இருந்தால்கூட மண்டபத்து வாசலில் கட்டின பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் ஆள் நேரில் வரும். டீக்கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் பெருசாக் காட்டுங்க" என்பார்கள். திரையில் முகம் நிஜ முகத்தின் அளவுக்கு வந்து நின்றதும் பேச்சு அடங்கிவிடும். போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கிறபோது ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். யாராவது ஒருத்தர் விசும்பினால் மற்றவர்களுக்கும் அழுகை வந்துவிடும்.

எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். அவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், நாள் முழுக்க அந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பவள் நான்தானே. நரைமுடியை இழை இழையாகப் பின்னணியிலிருந்து பிரித்து எடுப்பேன். கண்ணுக்குள் இருக்கும் வெளிச்சப் புள்ளியை மட்டும் தொடமாட்டேன், அது போனால் கண் வெறுமையாகிவிடும். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் முகத்தை மூடிவிடுவேன். பசியோடு இருக்கிறவர் எதிரில் தின்பது போல இருக்கும். ஒருநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால், அணைந்திருக்க வேண்டிய திரை எரிந்துகொண்டிருந்தது. கீபோர்டு மேல் ஒரு பல்லி. அதன் கால் பட்டுக் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது. தொப்பூர்க் கணவாயில் லாரி மோதி இறந்தவர் ஒருவர், இருட்டுக் கடைக்குள் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஷட்டரை அப்படியே இறக்கிவிட்டு வெயில் ஏறும்வரை வெளியே நின்றேன். டீக்கடைக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார்.

சென்ற வருஷம் மழைக்காலம் தொடங்கும் முன்பு, பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் போட்டோ அனுப்பினாள். காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருப்பவள். அவளுடைய அம்மா காய்ச்சலில் படுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பாமலே போய்விட்டாள். காரியத்துக்குப் பேனரும் வீட்டில் மாட்ட ஒரு ஃப்ரேமும் வேண்டும் என்றாள். அந்த அம்மாளைத் தனியாக எடுத்த போட்டோ உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. மகளின் போனை வாங்கித் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட செல்ஃபி. நைட்டி, தோளில் துண்டு, பின்னால் மாட்டுக் கொட்டகை, முகம் நிறையச் சிரிப்பு.

நைட்டியோடு யாரையும் அஞ்சலி பேனரில் போடமாட்டார்கள். அதற்காகவே என்னிடம் பட்டுச்சேலை கட்டின உடம்புகள் நிறைய இருக்கின்றன, தலை இல்லாமல். அதில் ஒன்றை எடுத்து இந்த முகத்தைப் பொருத்தினேன். கழுத்தில் ஒரு சங்கிலியைப் போட்டால் ஒட்டுத் தெரியாது. மகளுக்கு அனுப்பினேன். "ஓகேக்கா, அம்மா அப்படியே இருக்குது" என்று பதில் வந்தது.

மறுநாள் காலையில் அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். பேனரில் போட வேண்டிய சொந்தக்காரர்களின் பெயரைச் சொல்வதற்காக. ஒரு பெயர் விட்டுப்போனாலும் காரிய வீட்டில் சண்டை வரும் என்பதால் அதை மட்டும் யாரும் போனில் சொல்லமாட்டார்கள். அவர் லாரி ஓட்டியவர். நெடுநெடுவென்ற ஆள், என் ஷட்டருக்குக் குனிந்துதான் உள்ளே வந்தார். நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இது அவ இல்லீங்க."

"அம்மாதானப்பா," என்றாள் மகள். "அம்மாவே எடுத்தது. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அவதான் கண்ணு. ஆனா அவளாட்டம் இல்ல."

நான் பண்ணின மெருகு வேலைதான் காரணமோ என்று எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வந்த போட்டோவை நைட்டியோடும் கொட்டகையோடும் அப்படியே காட்டினேன். அவர் கிட்டே வந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் அவர் முகம் மாறியது. சந்தேகம் போட்டோவை விட்டு அவர் மேலேயே திரும்பிவிட்டிருந்தது.

"கண்ண மூடுனா அவ மூஞ்சி வர மாட்டேங்குதுங்க. சரி, போட்டாவுலயாவது பாத்துக்கலாம்னு வந்தேன். இதுலயும் வேற யாரோ மாதிரி நிக்கறா. காரியங்கூட இன்னும் ஆவல. அதுக்குள்ள அவ மூஞ்சி எனக்கு மறந்துபோச்சுங்களா?"

கட்டின பெண்டாட்டியின் முகத்தை ஒரு மனுஷன் தொலைத்துவிட்டு என் கடையில் வந்து தேடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண்ணோ, "அம்மாதானப்பா, அம்மாதானப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சை வேறு பக்கம் திருப்பலாம் என்று, முதலில் கண்ணில் பட்டதைக் கேட்டேன். "மூக்குத்தி ஏதாவது மாத்துனாங்களாண்ணா?"

"எப்பவும் ஒரே மூக்குத்திதாங்க. அதுல திருகு லூசாயிட்டே இருக்கும். அவளுக்கு அதையெல்லாம் முடுக்கறதுக்குப் பொறுமை ஏது? நான்தான் முடுக்கி உடுவேன். ஆஸ்பத்திரில கழட்டச் சொன்னாங்களே, அப்பவும் நான்தான் கழட்டுனேன்."

சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினார். இரண்டு விரல்கள் திருகைப் பிடிப்பது போலச் சேர்ந்து, திரையில் இருந்த மூக்கை நோக்கிப் போயின. போய் நின்ற பக்கத்தில் மூக்குத்தி இல்லை. அது மறுபக்கம் இருந்தது. அவருடைய விரல்கள் வெறும் மூக்கின் மேல் நின்றன.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சில போன்கள் செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரியே, இடத்தை வலமாக்கிப் பதிந்துவிடும். போனில் மூக்குத்தி ஒரு புள்ளிதான், யாருக்கும் தெரியாது. சேலைத் தலைப்பு சரியான தோளில் இருந்ததால் எனக்கும் சந்தேகம் வரவில்லை, ஆனால் அந்த உடம்பு நான் ஒட்டியது. முகத்தை இடவலமாகத் திருப்பச் சொல்லி மவுஸை அழுத்தினேன். மகாராணி வழக்கம்போல யோசித்தாள். திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றோம்.

முகம் திரும்பியது. வகிடு மாறியது. சிரிப்பு மற்ற பக்கமாகக் கோணியது. மூக்குத்தி அவருடைய விரல் நின்ற இடத்துக்கு வந்தது.

"இத்தன நாளா எங்கடி போன?" என்றார் அவர்.

நாற்காலியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். அழுது முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தபோது அவருக்கு ஒரு தெம்பு வந்திருந்தது. மகளைப் பார்த்துச் சிரித்தபடி, "பெத்தவ மூஞ்சி உனக்கே தெரியலியே கண்ணு," என்றார். குத்திக்காட்டவேண்டும் என்று சொன்னதில்லை. மனசு லேசான சந்தோஷத்தில் வாய் தவறி வந்ததுதான். அவள் வெளியே போய் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பெயர்களை அவர் மட்டும் சொல்லி முடித்தார்.

பேனர் அவர்கள் ஊர்த் திருப்பத்தில் கட்டப்பட்டது. பொம்மிடிக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் திருப்புவதற்கு முந்தின அந்த முகம் என் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. வேறு எதையோ தேடும்போது குறுக்கே வந்து சிரிக்கும். யோசிக்க யோசிக்க எனக்கு நிம்மதி போனது. வாழ்நாள் முழுக்க அந்த அம்மாள் தன் முகம் என்று பார்த்தது கண்ணாடியில் தெரிந்ததைத்தானே? அவளுக்கு அவள் இப்படித்தான். தனக்குத் தெரிந்த தன்னை, தன் கையாலேயே ஒரே ஒரு தடவை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். அதை நாங்கள் தப்பு என்று சொல்லித் திருப்பிப் போட்டுவிட்டோம். அழித்துவிடலாம் என்று போனால், நிச்சயமாக அழிக்கவா என்று திரை கேட்கும். ஆமாம் என்று அழுத்த எனக்குக் கை வரவில்லை. எதிரே உட்காரவும் பிடிக்கவில்லை. அதனால்தான் மகன் மறுபடி போன் செய்து, "ஞாயித்துக்கெழம வரேன், பழசக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாம்," என்றபோது சரி என்றுவிட்டேன். ஃபைல்களையெல்லாம் வேறொன்றில் ஏற்ற ஆரம்பித்தேன். அந்த ஒரு முகத்தை மட்டும் ஏற்றவில்லை. கம்ப்யூட்டரோடு போகட்டும் என்று விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் காலையில் அந்தப் பெண் தனியாக வந்தாள். தலையை வாராமல் சும்மா சுருட்டி க்ளிப் போட்டிருந்தாள்.

"அக்கா, மொதல்ல ஒண்ணு பண்ணீங்களே, தப்பா இருந்துச்சே, அது இருக்குதுங்களா? போன்ல ரொம்பச் சின்னதாத் தெரியுது."

தேடித் திறந்தேன். பின்னணி இல்லாமல் வெட்டி வைத்திருந்ததால் சுற்றிலும் கறுப்பாக, நடுவில் அந்த முகம் மட்டும் திரை நிறைய வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தெனமும் அம்மாதாங்க்கா எனக்கு ஜடை பின்னி உடும். காலேஜ் முடிச்ச பொறவும் உடாது. பீரோக் கண்ணாடி முன்னால என்னய உக்கார வெச்சு, அது பின்னால நிக்கும். பேசறது, திட்டறது, சிரிக்கறது எல்லாம் அந்தக் கண்ணாடிலதான். மத்த நேரம் அது எங்க ஒரு எடத்துல நின்னுச்சு? காட்டுக்கும் மாட்டுக்கும் ஓடிட்டே இருக்கும். நான் அம்மா மூஞ்சிய நின்னு பாத்ததே கண்ணாடிலதாங்க்கா. இப்பப் போயி நின்னா நான் மட்டுந்தான் தெரியறேன்." தலையிலிருந்த க்ளிப்பைத் தொட்டாள். "அப்பா மாட்டுன போட்டோவ என்னால பாக்க முடியல. அதுல யாரோ இருக்காங்க. நான் ஒண்ணும் அம்மாவ மறக்கலீங்க்கா."

அன்றைக்கு அவள் ஏன் வெளியே போய் நின்றாள் என்பது இத்தனை நாள் கழித்து எனக்குப் புரிந்தது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது, அவள் அப்பா மேலும் வந்தது. "நீ மறக்கல கண்ணு," என்றேன். "உங்கப்பாவும் மறக்கல. அவரு நேராப் பாத்தாரு, நீ கண்ணாடில பாத்த. உங்கம்மாவும் தன்னய இப்படித்தான் பாத்திருப்பா."

அவள் தலையாட்டினாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு, மேசைக்கடியில் கிடந்த குட்டை ஸ்டூலை இழுத்துத் திரைக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். ரோட்டு வெளிச்சம் அவள் முகத்தின் மேல் விழுந்தது. திரையில் அம்மாவின் முகத்துக்குக் கீழே இருந்த கறுப்பில், அவளுடைய முகமும் மங்கலாகத் தெரிந்தது. ஸ்டூலைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தி, அம்மாவின் முகவாய்க்கு நேர் கீழே தன் தலை வரும்படி வைத்துக்கொண்டாள். க்ளிப்பைக் கழற்றினாள். கூந்தல் முதுகில் விழுந்தது. தலையை லேசாகப் பின்னால் சாய்த்து அப்படியே இருந்தாள்.

அவளுக்குப் பின்னால் நின்றிருந்த நானும் திரையில் தெரிந்தேன். சட்டென்று ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். ஏதாவது பேசினால் தேவலை போலிருந்தது.

"சின்னதா ஒரு பிரிண்ட் போட்டுத் தரட்டுமா கண்ணு? பர்சுல வெச்சுக்கலாம்."

அவள் திரும்பவில்லை.

"வேணாங்க்கா. பிரிண்டுல நான் தெரிய மாட்டேனே."