பாண்டிச்செல்வி வாங்கிய டப்பாக்கள்

பிரித்த குழந்தை மாவு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க எங்கள் கடைக்கு வந்த ஒரே ஆள் பாண்டிச்செல்விதான்.

"பாய், இத வச்சுக்கிட்டு அரிசி டப்பா ஒண்ணு குடுங்க. கோதுமைய எம் மக துப்பிட்டா."

கல்லாவில் இருந்த என் அத்தா மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடினார். "பிரிச்ச மாவ நான் யாருக்கும்மா விப்பேன்? உம் பிள்ள துப்புனத ஊரார் பிள்ள திங்குமா?"

"துப்புனது இதுக்குள்ள இல்ல பாய். அது எஞ்சேலையில இருக்கு."

உண்மைதான். தோளிலிருந்து இடுப்புவரை காய்ந்த மாவு வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. அத்தா அரிசி டப்பாவை எடுத்துக் கொடுத்தார். பிரித்ததை மட்டும் வாங்கவில்லை.

இது 2007 ஆடியில். பாண்டிச்செல்வி சாத்தூரில் எங்கள் கடைக்குப் பின்தெருவில் குடியிருந்தாள். அவள் பெற்றோர் கரிசல் காட்டில் கூலிக்குக் களையெடுத்தவர்கள். இவள் எட்டாம் வகுப்போடு நின்று, அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போக ஆரம்பித்தாள். முதலில் பல வருடம் மருந்து ரூம், அதாவது வெடிமருந்தைக் குழாயில் செலுத்துகிற அறை. அலுமினியத் தூள் நகத்தோரத்தில் ஏறிவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. அவளுடைய கல்யாண ஆல்பத்தைப் பார்த்திருக்கிறேன். மருதாணி வைத்த விரல்களின் நுனி எல்லாப் படத்திலும் வெள்ளியாக மின்னும். கல்யாணத்துக்குப் பிறகு போர்மேன் சீனிவாசகத்திடம் கேட்டுக் கேட்டுப் பேக்கிங் ரூமுக்கு மாறினாள். அங்கே லேபிள் ஒட்டுவதும் அட்டைப்பெட்டியில் அடுக்குவதும்தான் வேலை.

மகள் தர்ஷினி பிறந்து இவள் வீட்டில் இருந்தபோதும் அந்த இடம் காலியாகவே இருந்தது. ஆனால் தீபாவளி சீசனுக்கு எத்தனை நாள் காலியாக வைத்திருப்பார்கள்? போர்மேன் தெருவுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஆவணி பொறந்த அன்னைக்கு வந்துரும்மா. வரலேன்னா அங்கன வேற ஆளப் போட்டுருவேன். அதுக்கப்புறம் வந்தா மருந்து ரூம்தான் இருக்கும். என்னைக் கொற சொல்லக் கூடாது."

போவதற்கு ஒரே தடை, ஏழு மாதக் குழந்தை தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில் வாங்க மறுத்ததுதான். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. பாண்டிச்செல்வியின் கணவர் பாலகுரு லாரிகளில் லோடு ஏற்றுபவர். அவருடைய அக்கா ஆவுடைத்தாய் தனி ஆள், அதே வீட்டில்தான் இருந்தாள். பட்டாசுக்கான காகிதக் குழாய்களை வீட்டிலேயே சுருட்டி ஒட்டிக் கொடுப்பது அவள் தொழில். அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. "பிள்ளையப் பாத்துக்கிடுறேன். ஆனா பொழுதுக்கும் பசியில கத்துற பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எப்பிடிக் குழாய் சுருட்ட? எங்கையால ஒரு வேள வாங்கித் தின்னட்டும், மறுநாளே நீ வேன் ஏறு."

அதனால் முதல் நாளிலிருந்தே கரைப்பதும் ஊட்டுவதும் ஆவுடைத்தாய்தான். அம்மா கண்ணில் பட்டால் பிள்ளை மாராப்பைப் பிடித்து இழுக்கும் என்று, ஊட்டுகிற நேரத்தில் பாண்டிச்செல்வியை வெளியே அனுப்பிவிடுவார்கள். அவள் பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரத்தில் அழுகை கேட்கும். பிறகு மதினி ஆவுடைத்தாயின் குரல் கேட்கும்: "ஏ செல்வி, வந்து தூக்கு. துப்பிட்டா." ஓடிப்போய்த் தூக்குவாள். வாயில் மிச்சமிருப்பதையும் பிள்ளை அவள் தோளில் துப்பும்.

அரிசி டப்பாவும் போயிற்று. ஆப்பிள் படம் போட்ட டப்பாவும் போயிற்று. பால்வாடியில் கொடுத்த சத்துமாவு, பாலகுரு விருதுநகரிலிருந்து வாங்கி வந்த கேழ்வரகு மாவு, இருக்கன்குடிக்குப் போன யாரோ சொன்னார்கள் என்று நேந்திரங்காய் மாவு, அத்தனையும் போயின. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மாவு சொன்னார்கள். பாண்டிச்செல்வி யாரையும் மறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கினாள்.

டப்பாவில் இருந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வது என் வேலை. காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் மாவைப் போட்டுக் கலக்கினால் போதும், ஏற்கெனவே வெந்த மாவு, அடுப்பில் வைக்கவே கூடாது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவளும் ஒவ்வொரு தடவையும் மதினியிடம் சொன்னாள்.

ஆடி முடிகிற வாரம் அவள் மறுபடி வந்தாள். கையில் டப்பா இல்லை.

"நீ சரியாத்தான் படிக்கியா?" என்று என்னிடம் கேட்டாள்.

"சரியாத்தாங்க்கா படிக்கேன்."

"அப்ப வந்து உங்கண்ணால பாரு. எம் பிள்ளைக்கு நாக்குல கோளாறா, இந்தக் கம்பெனிக்காரனுகளுக்கு மாவுல கோளாறான்னு எனக்குத் தெரியணும்."

போனேன். பாண்டிச்செல்வியைப் படியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு ஆவுடைத்தாய் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றில் குழாய் ஒட்டுவதற்கான மைதாப் பசை. இன்னொன்றில் சின்னச் சட்டி. டப்பாவிலிருந்து மாவை அள்ளி அதில் போட்டு, தண்ணீர் ஊற்றி, அகப்பையால் விடாமல் கிண்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அது பளபளவென்று திரண்டுவிட்டது. ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தி, விரல்களை மெதுவாகப் பிரித்தாள். நடுவில் மெல்லிய நூல் நீண்டது.

"இப்பத்தான் பதம்" என்றாள்.

நான் வாசலுக்குப் போய்ப் பாண்டிச்செல்வியைக் கூட்டி வந்தேன். அவள் சட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பசைச் சட்டியைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்தாள். நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை.

"மதினி, அடுப்புல வைக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"சொன்ன. பச்ச மாவக் குடுத்து வயித்துல கட்டிக்கிட்டா யாரு பதில் சொல்ல? நீ வேனேறிப் போயிருவ."

"அது வெந்த மாவு."

"எங்க வெந்துச்சு? டப்பாக்குள்ளயா?"

"எம் பிள்ளைக்கு அண்ணத்துல பசை போட்டு ஒட்டியிருக்கீக மதினி. அவ எப்பிடி முழுங்குவா? வாய் தெறந்ததே பெருசு."

"பசையா? எம் பதத்த இந்தத் தெருவுல யாரும் கொற சொன்னதில்ல."

"நானும் கொற சொல்லல. வெடி போட்டாத்தான் உங்க குழாய் பிரியும்."

மாவை வேகவைக்காமல் கொடுக்க மதினி கடைசிவரை சம்மதிக்கவில்லை. வேகவைத்தால் அவள் கை தானாக நூல்பதத்துக்குத்தான் போய் நிற்கும். ஆவணிக்கு நான்கு நாள்தான் இருந்தது. அன்று சாயங்காலம் பாண்டிச்செல்வி கடைக்கு வந்து பச்சரிசியும் பாசிப்பருப்பும் கேட்டாள்.

"மாவக் கண்டாத்தான அவுகளுக்குப் பசை ஞாபகம் வருது. இனி எம் பிள்ளைக்கு மாவே கெடையாது பாய்."

இரண்டையும் வாசம் வரும்வரை வறுத்து, மாவாகிவிடாமல் மிக்சியில் குருணையாக உடைத்து, புதுச் சட்டியோடு மதினி முன்னால் வைத்தாள். குருணைக்கு நூல்பதம் கிடையாது. ஆவுடைத்தாய் இரண்டு மூன்று தடவை விரலில் எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். எதுவும் நீளாததால், சோறு மாதிரி நசுக்கிப் பார்த்து இறக்கினாள். உப்புக்கல் ஒன்று, நெய் கொஞ்சம் சேர்த்துக் கையால் மசித்தாள். பாண்டிச்செல்வி படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. எழுந்து போய்ப் பார்த்தபோது கிண்ணம் பாதி காலியாகி, பிள்ளை மதினியின் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

ஆவணி ஒன்றாம் தேதி அவள் வேன் ஏறினாள். பேக்கிங் ரூமில் அவள் இடம் அப்படியே இருந்தது.

டப்பாக்கள் மட்டும் வீட்டில் அடுக்காக மிஞ்சின. வீணாகப் போக விடாமல் ஆவுடைத்தாய் அவற்றைப் பசையாகக் காய்ச்சிவிட்டாள். நன்றாகவே ஒட்டியது. அடுத்த வாரம் குழாய் எடுக்கும் ஏஜெண்டு கண்ணுச்சாமி முழு லோடையும் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். ஒவ்வொரு குழாயிலும் எறும்பு.

"என்னக்கா, பாயாசத்த ஊத்தியா ஒட்டுனீக?"

பாண்டிச்செல்வி அப்போதுதான் வேனிலிருந்து இறங்கினாள். இந்தக் கோபத்தில் மதினி பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால், நாளைக்கே பேக்கிங் ரூம் போய்விடும். அவளாகவே உட்கார்ந்து குழாய்களை உதறத் தொடங்கினாள்.

"இந்த டப்பா மாவெல்லாம் ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள் ஆவுடைத்தாய்.

"எறும்பு திங்குதே மதினி."

"திங்கட்டும். உம் மக தின்னாளா?"

பாண்டிச்செல்வி அடுத்த குழாயை எடுத்து உதறினாள். ஆவுடைத்தாய் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். பிள்ளைக்கு அந்த வேளைக் கஞ்சி வைக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே பின்கட்டுக்குப் போனாள்.