தந்திகளுக்கடியில் ஒரு கைத்துண்டு

சென்ற ஆண்டு ஆடி மாதம், பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் வசிக்கும் அடுக்ககத்தில் நடந்தது இது. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். குடியிருப்போர் சங்கச் செயலாளரும்கூட. பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை எவ்விதச் சத்தமும் கூடாது என்று எழுதி, கையொப்பமிட்டு, லிஃப்ட் அருகே ஒட்டியவனும் நானே.

மகள் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தபோது தன் யுகுலேலேயை விட்டுச் சென்றிருந்தாள். நான்கு தந்திகள் கொண்ட, கைக்குழந்தை அளவேயான கிட்டார் என்று சொல்லலாம். ஒருநாள் கைபேசியில் ஒரு காணொளி கண்டேன். வாசித்த பெண்மணி விரலால் தந்திகளைக் கீழ்நோக்கி மீட்டிய வேகத்திலேயே உள்ளங்கையின் ஓரத்தையும் அவற்றின்மேல் படியவைத்தார். 'டக்' என்றது. அந்தச் சிறு பெட்டிக்குள் யாரோ ஒரு மேளத்தை ஒளித்து வைத்தது போலிருந்தது. அதன்பின் எனக்கு வேறு நினைவே ஓடவில்லை.

மனைவி தையல் வகுப்புக்குச் செல்லும் இரண்டு மணிக்குத்தான் எனக்குத் தனிமை வாய்க்கும். என் அறிவிப்பை நானே மீறுவது வெளியே தெரிந்தால் என்ன மதிப்பு மிஞ்சும்? எனவே தந்திகளுக்கடியில் ஒரு கைத்துண்டை மடித்துச் செருகிவிட்டுப் பயின்றேன். முதல் நாளிலிருந்தே ஒவ்வோர் அடியும் 'டக், டக்' என்று விழுந்தது. இவ்வளவு விரைவில் வசப்பட்டதே என்று எனக்குள் பெருமிதம்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் கீழ்வீட்டு அம்மையார் படிக்கட்டில் நிறுத்தினார். "ஏனுங்க சார், மத்தியானமானா உங்க ஊட்டுல டக்கு டக்குங்குதே, என்னங்க அது?"

"குழாய் ஒழுகுதுங்க" என்றேன். அவ்வளவு வேகமாக நான் பொய் சொன்னதே இல்லை.

மறுநாள் இரண்டரை மணிக்கு அழைப்புமணி ஒலித்தது. அம்மையாரும், அவருடன் ஒரு பிளம்பரும். "நீங்க எங்க போயி ஆள் தேடுவீங்கன்னு நானே கூட்டியாந்துட்டனுங்க."

அந்த மனிதர் வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் திருகிப் பார்த்தார். "ஒரு சொட்டுக்கூட ஒழுகலீங்களே."

அம்மையாரின் பார்வை நாற்காலிமேல் கிடந்த யுகுலேலேயில் நிலைத்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"நோட்டீஸ் ஒட்டுனதும் நீங்க, தட்டுனதும் நீங்களாங்க சார்? செரி, வாசிங்க, கேப்போம்."

போன மதிப்பை மீட்க இதுவே தருணம் என்று எண்ணினேன். துண்டை உருவி எறிந்துவிட்டு, நிமிர்ந்து அமர்ந்து, கையை வீசினேன். 'ஜொய்ங்.' மறுபடியும் 'ஜொய்ங்.' டக் வரவே இல்லை. மூன்று வாரங்களாக டக் என்றது என் கை அல்ல, அந்தத் துண்டு.

"இதுக்கு ஒழுகுற குழாயே தேவலைங்க" என்றார் பிளம்பர். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். சற்றுப் பொறுத்து நானும் சிரித்தேன்.

"துணியில்லாமப் பழகுங்க சார். அஞ்சு மணிக்கு மேல வாசிச்சா ஆரு வேண்டாம்பாங்க?"

மறுநாள் முதல் ஐந்து மணிக்கு, ஆடிக்காற்றுக்குத் திறந்த சன்னலருகே அமர்ந்தேன். ஒன்பது நாட்கள் வெறும் ஜொய்ங். அடுக்ககம் முழுவதும் கேட்டது. லிஃப்டில் ஏறினால், "இன்னைக்காச்சும் வருங்களா சார்?" என்றார்கள். காது சிவந்தாலும், "முயற்சி நடக்கிறது" என்று பதில் சொல்லிப் பழகினேன்.

பத்தாம் நாள் மணிக்கட்டைத் தளர்த்தியபடி மீட்டினேன். உள்ளங்கையின் ஓரம் தானாகவே தந்திகளில் இறங்கியது. 'டக்.' மீண்டும் அடித்தேன். டக். ஒரு மீட்டல், ஒரு டக். ஒரு மீட்டல், ஒரு டக். மனைவியைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் கீழ் பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"சார், வந்துருச்சுங்க."

கல்லூரி மேடைகளில் எனக்கு எத்தனையோ பொன்னாடைகள் போர்த்தியிருக்கிறார்கள். ஆனால் என் ஒன்பது நாள் பிழைகளையும் கேட்டிருந்த ஒருவர், சரியாக விழுந்த அந்த ஓர் ஒலியை அடையாளம் கண்டு சொன்னதை நினைத்தால், இன்றும் ஐந்து மணிக்கு முன்பே என் கை பரபரக்கத் தொடங்கிவிடுகிறது.