கான்கிரீட்டுக்கு அடியில் ஒரு மண்குழாய்

ஏழு வருஷத்துக்கு முன்னால, ஸ்ரீவில்லிபுத்தூர்ல நாங்க வீடு கட்டினப்போ நடந்தது இது. செப்டிக் டேங்க் வாயு மூலையிலதான் வரணும்னு வாஸ்துக்காரர் கயிறு பிடிச்சு அளந்து குறிச்சுக் கொடுத்திருந்தார். அந்த இடத்துல ஆறடி தோண்டினதும் கொத்தனார் என்னைக் கூப்பிட்டார்.

குழிக்குள்ள எட்டிப் பார்த்தேன். சுட்ட மண்ணுல செஞ்ச குழாய்கள், ஒண்ணோட வாய்க்குள்ள ஒண்ணு செருகி, வரிசையா போகுது. சுத்திலும் அகலமான பழைய செங்கல். அந்தக் காலத்துல ஊர்க் கழிவுத்தண்ணி போறதுக்குப் போட்டதா இருக்கும்னார் கொத்தனார். கையை உள்ள விட்டுப் பார்த்துட்டு, "அக்கா, ஈரமா இருக்கு. இன்னும் எங்கிருந்தோ தண்ணி வருது. குழியை ரெண்டடி தள்ளிப் போட்டுக்குவோம்"னார்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "வாஸ்து பார்த்துக் குறிச்ச இடத்தைத் தள்ளவா? கீழடி மாதிரி இங்கேயும் தோண்டணும்னு ஆபீசருங்க வந்து நின்னா, அப்புறம் நான் வீடு கட்டின மாதிரிதான். மூடுங்கண்ணே"ன்னேன். அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே நின்னார். நான் நகரல. குழாயை உடைச்சு, கான்கிரீட் போட்டு அடைச்ச பொறவுதான் எனக்குச் சோறே இறங்குச்சு.

அடுத்த வீட்டுல ஒரு டெய்லர் அக்கா, வாதம் வந்து படுத்த படுக்கையாக் கிடந்த வீட்டுக்காரரோட இருந்தாங்க. மண் சுவர் வச்ச ஓட்டு வீடு. சுத்தி இருக்கறவங்க எல்லாரும் உசத்திக் கட்டிட்டதால அவங்க வீட்டு முத்தம் பள்ளமாப் போச்சு. ஆனா எம்புட்டு மழை பெஞ்சாலும் செத்த நேரத்துல தண்ணி வடிஞ்சிரும். "எங்கதான் போகுதோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்"னு சிரிப்பாங்க. அதை எத்தனை தடவை கேட்டும் என் மரமண்டையில ஏறல பாருங்க.

வீடு முடிஞ்சு நாங்க குடிவந்த பொறவு வந்த ஐப்பசி மழையில அவங்க முத்தத்துத் தண்ணி வடியவே இல்லை. மூணாம் நாள் மத்தியானம், "ஏட்டி, சுவரு ஊறி உப்பிக்கிட்டு வருதுட்டி! அவியளைத் தூக்க ஒரு கை பிடி"ன்னு ஓடி வந்தாங்க. நானும் என் வீட்டுக்காரரும் கட்டிலோட தூக்கிக்கிட்டு எங்க புது வீட்டுக்கு வந்தோம். எங்க வாசப்படி ஏறல, பின்னால தொம்முனு சத்தம். சுவர் ஓட்டோட உள்ள விழுந்துருச்சு.

மழை விட்டதும் தண்ணி ஏன் நின்னுச்சுன்னு பார்க்க கொத்தனார் அந்த முத்தத்துல தோண்டினார். அதே மண்குழாய். நேரா எங்க டேங்க்கைப் பார்த்து வந்து முட்டி நிக்குது. கொத்தனார் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்த அக்கா அப்போ எங்க வீட்டுக்குள்ள அவங்க வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் மண்ணைத் தள்ளி மூடச் சொல்லிட்டேன்.

பொறவு அவங்க ராஜபாளையத்துக்கு வாடகைக்குப் போயிட்டாங்க. அங்க அந்த மனுஷன், "நம்ம வீட்டுக்குப் போவோம், போவோம்"னு கேட்டுக் கேட்டே ஒரு வருஷத்துல கண்ணை மூடிட்டார்.

போன கிறிஸ்மஸுக்கும் அந்த அக்கா பஸ் ஏறி வந்து கேக் கொடுத்தாங்க. "அன்னைக்கு நீ மட்டும் இல்லேன்னா நாங்க என்னாயிருப்போம்ட்டி"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்பவும் உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. எந்தக் காலத்துலயோ முகம் தெரியாத யாரோ, பக்கத்து வீட்டுத் தண்ணியும் சேர்ந்து போகட்டும்னு போட்டு வச்ச வழியை அடைச்சவ நான். அந்த அக்கா எனக்கு நன்றி சொல்லும்போதெல்லாம் உடம்பு கூசிப் போய் நிக்கிறேன்.