ஒழுகல் தண்ணீர்

மேனாம்பேட்டில் எங்கள் கிணற்று மோட்டார் ஓடும்போது தண்ணீர் ஒழுகும். மோட்டாரின் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் இரண்டு நட்டுகளால் இறுக்கிய ஒரு வளையம் இருந்தது. அதற்குள் எண்ணெயும் கரியும் ஊறிய கயிற்றைச் சுற்றி அடைத்திருப்பார்கள். தண்டு சுற்றவும் வேண்டும், தண்ணீர் வெளியே பீறிடவும் கூடாது. அதற்காகத்தான் அந்தக் கயிறு. அந்த இடத்துக்கு கிளாண்டு என்று பெயர். அதன் அடியிலிருந்துதான் ஒழுகும். அதை ஒரு குறையாக யாராவது சொன்னால் என் சித்தப்பாவுக்குப் பொறுக்காது.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் ஃபிட்டர். அப்போது கல்யாணம் ஆகாததால் எங்களோடு இருந்தார்.

"கயிறு காஞ்சா தண்டப் புட்ச்சிக்கும்ணா. சூடாயி கருகிடும். சொட்டிகினே இர்க்கணும். நிமிசத்துக்கு நாப்பது சொட்டு, அதான் கணக்கு" என்று அப்பாவிடம் சொல்வார்.

அப்பா ஆவடியில் தொழிற்சாலை வேலை. முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் மோட்டார் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். "நாப்பது சொட்டா, நாலு கொடமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்.

அப்பாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. நாற்பது சொட்டு என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர்கூட நிறையாது. எங்கள் மோட்டாரிலிருந்து விழுந்ததோ அறுபடாத நூல். சித்தப்பா அதன் கீழே ஒரு தகரத்தை மடித்துக் கட்டியிருந்தார். தண்ணீர் அந்தத் தகரத்தின் வழியாக ஓடி, கீழே வைத்திருக்கும் குடத்துக்குள் நேராக விழும். அந்தக் குடம் எங்களுடையது அல்ல, பெரியம்மாவுடையது.

பெரியப்பாவின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம். பாகம் பிரித்தபோது கிணறு எங்கள் பங்கில் விழுந்தது, ரோட்டை ஒட்டிய மனை அவர் பங்கில். அதில் ஒன்றும் தகராறு இல்லை. வேலி போடும்போது ஒரு முழம் இப்படியா அப்படியா என்பதிலும், அந்த ஒரு முழத்தில் நின்ற முருங்கை மரத்திலும்தான் தகராறு. "உங்க கெணத்துத் தண்ணி ஒரு சொட்டு என் ஊட்டு வாசப்படி தாண்டாது" என்று பெரியப்பா தெருவில் நின்று சொன்னார். "தாண்ட வேணாம்" என்று அப்பாவும் சொன்னார். அதற்குப் பிறகு பதினோரு மாதம் இருவரும் பேசவில்லை. எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்த வாசப்படியை மிதிக்கவில்லை.

அந்தக் கோடையில் பெரியப்பா வீட்டுக் கைப்பம்பு காற்றை மட்டும் தந்தது. தெருக்குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு முறை அரை மணி நேரம் தண்ணீர். போதாததற்கு பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா, பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து இருபது நாள். பிள்ளை பெற்ற வீட்டில் தண்ணீர் இல்லாமல் ஒரு பொழுது ஓட்ட முடியாது என்பது பத்து வயதான எனக்கே தெரியும்.

ஆகவே பெரியம்மா தினமும் ஆறே கால் மணிக்கு, வேலியில் கம்பி தளர்ந்த இடத்தில் குனிந்து, இரண்டு குடங்களோடு வருவார். தொட்டிக்குப் போகும் குழாய்ப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார். ஒரு குடத்தைத் தகரத்தின் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே, "எடுத்துனு போங்கக்கா, வீணாத்தான் போவுது" என்பார்.

"ஒழுவறதுதானம்மா எடுக்கறேன். உங்க கெணத்துத் தண்ணியவா எடுக்கறேன்?" என்பார் பெரியம்மா.

நான் அதை அப்படியே நம்பினேன். கிணற்றுத் தண்ணீர் வேறு, ஒழுகல் தண்ணீர் வேறு. ஒன்று எங்களுடையது, மற்றது யாருக்கும் சொந்தமில்லாதது. எனக்கு அப்போதே எதையும் பிரித்து எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. தொட்டி நிறைய எழுபது நிமிடம், பெரியம்மாவுக்கு இரண்டு குடம் என்று நோட்டில் எழுதியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பம்பைக் கழற்றினார். உள்ளே தண்ணீரைச் சுழற்றி வீசும் சக்கரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அதன் ஒவ்வொரு வளைவையும் தேய்த்தார். வார்ப்பில் விட்டுப்போன சொரசொரப்பு முழுவதும் போக வேண்டுமாம். பொழுது சாயும்வரை தேய்த்தார். விரலை வைத்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி தேய்ப்பார்.

"தண்ணி உள்ள பூந்து வெளிய வர்ற வரிக்கும் எங்கியும் மொத்துனு நிக்கக் கூடாது. வழுக்கிகினு போவணும்" என்று அம்மாவிடம் சொன்னார். மேலே போகும் குழாயைச் சட்டென்று மடக்கித் திருப்பிய, அடுத்தடுத்து இருந்த இரண்டு முட்டிகளையும் எடுத்துவிட்டு, பட்டறையிலிருந்து கொண்டுவந்த நீண்ட வளைவு ஒன்றைப் போட்டார்.

மறுநாள் தொட்டி ஐம்பது நிமிடத்தில் நிறைந்துவிட்டது. சித்தப்பா மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அம்மா அவருக்குக் கேசரி கிளறிக் கொடுத்தார். நான் நோட்டில் எழுபதை அடித்துவிட்டு ஐம்பது என்று எழுதினேன்.

ஆனால் மோட்டாரை நிறுத்தியபோது பெரியம்மாவின் இரண்டாவது குடம் பாதிக்கும் கீழேதான் இருந்தது. அவர் குடத்தைச் சாய்த்து உள்ளே பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார். சித்தப்பா வாயில் பிரஷ்ஷோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் ஸ்பேனரை எடுத்து கிளாண்டின் இரண்டு நட்டுகளையும் தளர்த்தினார். அடுத்த நாளிலிருந்து நூல் போய், ஈர்க்குக் கனத்துக்குத் தண்ணீர் விழுந்தது.

எனக்கு இது பெரிய ஒழுங்கீனமாகப் பட்டது. ஒரு ஞாயிறு முழுவதும் தேய்த்து மிச்சம் பிடித்ததை அடுத்த நாளே தரையில் விடுவதா? பரீட்சை முடிந்து லீவு விடும்போது டீச்சர் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தார். சித்தப்பாவிடம் கேட்டேன். "நாப்பது சொட்டுன்னியே, இது எண்ணவே முடியலையே?"

"புதுசா தேச்சிருக்கேன்ல. கொஞ்சம் கூட உழணும்" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

நான் யோசித்தேன். ஒழுகல் எதற்காக? தண்டு கயிற்றோடு உரசாமல் வழுக்குவதற்காக. தண்ணீரைவிட நன்றாக வழுக்குவது எது? விளக்கெண்ணெய். அப்படியானால் கிளாண்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டால் தண்ணீர் ஒழுகத் தேவையே இல்லை. நட்டை முழுவதும் இறுக்கிவிடலாம். இந்த யோசனையில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பாவுக்கு ஏன் இது தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, அப்பாவும், அந்த வாரம் முதல் ஷிப்டுக்கு மாறியிருந்த சித்தப்பாவும் வேலைக்குப் போன பிறகு, ஆறு மணிக்கு அம்மா மோட்டாரைப் போட்டார். சித்தப்பாவின் பையிலிருந்து ஸ்பேனரையும், அடுக்களையிலிருந்து விளக்கெண்ணெய் சீசாவையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று ஸ்பூன் எண்ணெய் விட்டேன். பிறகு சித்தப்பா செய்வதைப் போலவே இந்த நட்டைக் கால் சுற்று, அந்த நட்டைக் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினேன். ஈர்க்கு நூலாயிற்று. நூல் சொட்டாயிற்று. ஒரு கட்டத்தில் டைம்பீஸைப் பக்கத்தில் வைத்து எண்ணியபோது சரியாக நாற்பத்தொன்று வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஒன்றுமே விழாமல் செய்ய முடியும்போது நாற்பத்தொன்றில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பெரியம்மா வந்தபோது தகரம் காய்ந்திருந்தது.

"இன்னாடி, ஒழுவல?"

"நான் சரி பண்ணிட்டேன் பெரியம்மா. இனிமே ஒரு சொட்டுகூட வீணாகாது."

அவர் என்னைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "சமத்து" என்றார். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் காலிக் குடங்களோடு அப்படியே நின்றார்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மோட்டாரின் சத்தம் கனத்தது. தூக்க முடியாததைத் தூக்குகிறவன் முனகுவதைப் போல முனகியது. விளக்கெண்ணெய் கருகும் வாடை முதலில் வந்தது, புகை பின்னால் வந்தது.

"ஏய், மோட்டார் எரியுதுடி! மெயின ஆஃப் பண்ணுடி!" என்று பெரியம்மா கத்தினார். அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தார். அவர் சுவிட்சுக்குப் போவதற்குள் பீஸ் போய், மோட்டார் தானாகவே நின்றது.

நடந்ததை அம்மாவிடம் வரிசையாகச் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "கொழந்தைக்குக் குட்த்தனுப்பலாம்னு வாங்கி வெச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

பெரியம்மா காலிக் குடங்களோடு வேலிப் பக்கம் திரும்பிவிட்டார். ஒழுகல் இல்லை என்றால் அவர் அங்கே நிற்பதற்குக் காரணமும் இல்லை. அம்மா பரணிலிருந்து புதுத் தேங்காய் நார்க் கயிறு ஒன்றையும் வாளியையும் எடுத்துவந்து, கிணற்றுக்குள் விட்டு இறைத்தார். யாரிடமும் சொல்லாததுபோல, ஆனால் உரக்கச் சொன்னார்:

"புதுக் கயிறு. ஒரே நார் வாடை. மொதப் பத்து வாளி வாயில வெக்க முடியாது. கீழதான் கொட்டணும்."

பெரியம்மா குனிந்த இடத்தில் நின்றார்.

"கீழ கொட்ற தண்ணின்னா கொழந்தத் துணி அலசலாம்" என்றார், வேலியைப் பார்த்துக்கொண்டே.

"அலசலாங்கா."

அம்மா இறைத்தார், பெரியம்மா குடத்தைக் காட்டினார். அவர் போய் ஊற்றிவிட்டு வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். "அம்மா, பத்து ஆயிடுச்சு" என்றேன்.

"நீ எண்ண வேணாம்" என்றார் அம்மா. என் வாழ்க்கையில் அம்மா அப்படிச் சொன்னது அந்த ஒரு முறைதான். ஆனாலும் எண்ணினேன். இருபத்திரண்டு வாளி.

மூன்று மணிக்கு வந்த சித்தப்பா கிளாண்டைப் பிரித்தார். கயிறு ரஸ்க்குத் துண்டு மாதிரி கையில் நொறுங்கியது. தண்டில் கீறல் விழுந்திருந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்து வர இரண்டு நாளாகும் என்றார்.

"வெளக்கெண்ண எத்தினி ஸ்பூன் ஊத்தின?"

"மூணு."

"மூணா! பாவம், நம்ம மோட்டாருக்குப் பேதி பூட்ச்சிருக்கும்" என்று சொல்லி, சிரித்துச் சிரித்துக் கிணற்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அழுததும் தலையில் எண்ணெய்க் கையால் தட்டிவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் வந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டார். "யாருக்குக் கஷ்டம் குடுத்தியோ அவங்ககிட்ட மன்னிப்புக் கேளு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

யாருக்குக் கஷ்டம் என்று நான் யோசித்தேன். எங்கள் வீட்டுக்கு வாளியும் கயிறும் இருந்தன. ஒழுகல் போனது பெரியப்பா வீட்டுக்குத்தான். யாரிடமும் சொல்லாமல் வேலியில் குனிந்து, அந்த வாசப்படி ஏறினேன்.

பெரியப்பா தூளியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவரை அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன்.

"பெரியப்பா, ஒழுகல் தண்ணிய நான்தான் நிறுத்திட்டேன். குழந்தைக்குத் தண்ணி இல்லாம போச்சு. தப்புதான்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. பெரியம்மா அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார். அக்கா படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எந்தத் தண்ணி?" என்றார் பெரியப்பா. "இந்த ஊட்டுக்கு எவன் ஊட்டுத் தண்ணியும் வர்ல. உங்க பெரியம்மா தெருக்கொழாயில புட்ச்சினு வர்றா. இன்னாம்மே, கரெக்டா?"

"தெருக்கொழாதான்" என்றார் பெரியம்மா, சுவரைப் பார்த்து.

பெரியம்மா இத்தனை நாளும் அவரிடம் பொய் சொல்லியிருக்கிறார். நான் வந்து காட்டிக்கொடுத்துவிட்டேன். இனி வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்து திரும்பினேன்.

"நில்லு" என்றார் பெரியப்பா. தூளியை இரண்டு முறை ஆட்டினார். "எத்தினி சுத்து முடுக்கின?"

"மூணு. ரெண்டு நட்டும். கால் கால் சுத்தா, மாத்தி மாத்தி."

"மூணா." இன்னும் இரண்டு ஆட்டு. "உங்க சித்தப்பன் திரும்ப மாட்டறப்போ மூணு சுத்து தளத்தினா பத்தாது. வெயில் ஏறிகினு கீது. நாலு தளத்தச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

சரி என்று தலையாட்டிவிட்டு ஓடிவந்தேன். சித்தப்பாவிடம், "நாலு சுத்து தளர்த்தணுமாம். யாரு சொன்னாங்கன்னு சொல்லக் கூடாது" என்றேன். அவர் யார் என்று கேட்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவைத்தான் பார்த்தார். அப்பா பேப்பரை இறக்காமலே, "நாலே வெச்சிடு" என்றார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். பெரியப்பா மோட்டாரில் கை வைத்து நான் பார்த்ததே இல்லை. வெயில் ஏறினால் கிளாண்டை எத்தனை சுற்று தளர்த்த வேண்டும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னதைக் கேட்டவுடன் அப்பாவும் ஒப்புக்கொள்கிறார். இவ்வளவு வேலை தெரிந்தவரை வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, சித்தப்பா ஏன் ஒரு ஞாயிறு முழுவதும் தனியாகவே தேய்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.