ஏழு வருசத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள்

டொக்டருக்குப் படிக்கக் கடன் கொடுக்கும் வேலையில் கடனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எல்லோரும் கேட்பது அந்த ஏழு வருசத்தைப் பற்றித்தான்.

மேசைக்குப் பின்னால் இருந்து ஒரே விளக்கத்தைக் காலையிலிருந்து பின்னேரம் வரை சொல்லித் தொண்டை கட்டிப்போன என் இனத்தவர்களே, காப்புறுதிக்காரர்களே, பதிவாளர் கந்தோர்க்காரர்களே, உங்களுக்கு இது புரியும். எங்கள் நிதியத்தின் கந்தோர் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மேல்மாடியில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் கடற்காற்றும் லொறிச் சத்தமும் ஒன்றாக உள்ளே வரும். வெட்டுப்புள்ளியில் மயிரிழையில் தவறி, வெளிநாட்டில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்த பிள்ளைகளுக்கு நாங்கள் படிப்புச் செலவைக் கொடுப்போம். படித்து முடித்து, இங்கே பதிவுப் பரீட்சை பாஸாகி, பயிற்சியும் முடித்த பிறகு, மாவட்டத்தில் நாங்கள் நடத்தும் சின்னக் கிளினிக் ஒன்றில் ஏழு வருசம் பொது வைத்தியராக இருக்க வேண்டும். இருந்தால் கடன் கழிந்துவிடும். நடுவில் எழும்பிப் போனால் வட்டியோடு முழுவதையும் கட்ட வேண்டும். மேற்படிப்பு, கொழும்பு, அவுஸ்திரேலியா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மற்றவர்களுக்கு இதைச் சொல்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இந்த வருசம் என் மகள் தாரணிக்கே நேபாளத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து இருதய சத்திரசிகிச்சை நிபுணராகத்தான் வருவேன் என்று நிற்பவள். ஒன்றில் எங்கள் நிதியத்திடம் கடன் எடுத்து ஏழு வருசத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது உப்புவெளியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டை வங்கியில் ஈடு வைக்க வேண்டும். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கதைக்கு வருகிறேன். முதலில் என் வாடிக்கையாளர்கள் சிலரைச் சந்தியுங்கள்.

குழாயோடு வந்த பையன்

கையெழுத்துக்கு முன் பிள்ளையும் பெற்றோரில் ஒருவரும் எங்கள் கிளினிக் ஒன்றில் ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும் என்பது எங்கள் மனேஜர் நஸ்ரின் மிஸ் போட்ட சட்டம். டொக்டரின் அறையில் அல்ல, நோயாளர் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நீள வாங்கில். வெக்கை, இருமல், வீறிட்டு அழும் குழந்தை, நம்பர் கூப்பிடும் வரைக்கும் ஏறுகிற எரிச்சல், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடட்டும் என்பார்.

மூதூர்க் கிளினிக்குக்கு ஒரு வாப்பா மகனை வெள்ளைக் கோட்டோடு கூட்டிப் போய்விட்டார். கழுத்தில் நெஞ்சுச் சத்தம் கேட்கும் புத்தம்புதுக் குழாய் வேறு. பையனுக்கு இன்னும் விசாவே வரவில்லை. அன்றைக்கென்று டொக்டர் வரச் சுணங்கிவிட்டது. வாங்கில் இருந்தவர்கள் பையனுக்கு முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒருவர் நாக்கை நீட்டினார். ஒரு பெண் கலியாணம் கட்டிய நாளிலிருந்து தனக்கு வந்த வருத்தங்களை ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினார். பையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, எல்லோருக்கும் தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொன்னான். டொக்டர் வந்து பார்த்தால் அரைவாசி வாங்கு காலி. தாதி பஸ் தரிப்பிடம் வரைக்கும் ஓடித்தான் அவர்களைத் திருப்பிக் கூட்டி வந்தார்.

இதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாப்பா தொலைபேசி எடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "சேர், என்ட மகன் இண்டைக்கு அரைவாசிப் பேரச் சந்தோசமா ஊட்டுக்கு அனுப்பிட்டான். அந்த ஏழு வருசத்தில இந்த ஒரு நாளக் கழிச்சி உடுங்க."

தம்பி இருக்கான்

கிண்ணியாவிலிருந்து ஒரு உம்மா வந்தார். மகள் கெட்டிக்காரி; கேள்வி எல்லாம் அந்தப் பிள்ளையே கேட்டது. நான் முடித்த பிறகு உம்மா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். மகள் படிக்கட்டும், அந்த ஏழு வருசத்தையும் தன் மகன் வந்து கழிப்பான் என்றார். கடன் என்றால் குடும்பத்துக்கே பொதுதானே என்பது அவருடைய நியாயம்.

மகன் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டேன். ஓ.எல். பரீட்சை இரண்டு தரம் எடுத்தவராம். நோயாளரைப் பார்க்க டொக்டர்தான் வேண்டும் என்று விளக்கினேன். உம்மா விடவில்லை. ஊசி மட்டுந்தான் அவனுக்கு ஏலாது, கதவு திறப்பான், மருந்துப் பெட்டி தூக்குவான், நோயாளியோடு அக்காவைவிட நன்றாகக் கதைப்பான் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மகள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தது. கடைசியில் உம்மா குரலைத் தாழ்த்தினார்: "அவன் ஊட்டுல சும்மாதான் இரிக்கான் சேர். உங்களுக்கும் ஒரு ஆள், எனக்கும் ஒரு நிம்மதி."

தட்டம் வந்த நாள்

டொக்டர் கௌசி எங்கள் கடனில் படித்து முதன்முதலாகத் திரும்பி வந்தவர். இப்போது கப்பல்துறைக் கிளினிக் அவர் பொறுப்பில்தான் நடக்கிறது. அவர் வேலை தொடங்கிய புதிதில், ஒரு முகூர்த்த நாளில், பாலையூற்றிலிருந்து ஒரு அம்மாவும் அவருடைய தமையனும் கந்தோர்ப் படியேறி வந்தார்கள். அம்மாவின் கையில் தட்டம். அதில் வெற்றிலை, பாக்கு, கதலி வாழைப்பழம் ஒரு சீப்பு. என் மேசையில் இருந்த கோப்புகளை மெல்லத் தள்ளிவிட்டுத் தட்டத்தை வைத்தார்கள்.

கௌசியைத் தங்கள் பையனுக்குக் கேட்டு வந்திருக்கிறார்களாம். "தாய் தகப்பனிட்டக் கேட்டிட்டம். ஆனால் பிள்ளை ஏழு வருசத்துக்கு உங்கட பொறுப்புத்தானே. உங்களிட்டயும் ஒரு வார்த்தை கேக்காட்டி மரியாதை இல்லை" என்றார் பையனின் மாமா. எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு நிபந்தனையை யாரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை. நஸ்ரின் மிஸ்ஸைக் கூப்பிட்டேன். அவர் தட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெண் வீட்டார் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நிதியத்துக்கு ஆட்சேபனை இல்லை, ஆனால் மாப்பிள்ளை பிறகு வெளிநாடு போக வேண்டும் என்று பிள்ளையை இழுக்கக் கூடாது என்றார்.

மாமா சத்தியம் பண்ணுவதுபோலத் தட்டத்தில் கையை வைத்தார்: "அந்தப் பயமே வேண்டாம், மிஸ். அவன் கொழும்பு பஸ்ஸில ஏறினா, அரைவழியும் போகாமல் ஹபரணைக்கு முந்தியே சத்தி எடுக்கிறவன்."

எதிர்க் கதிரை

சொந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தை நானே பார்க்க ஏலாது. நஸ்ரின் மிஸ் என் கதிரையில் உட்கார்ந்து எனக்கு எதிர்க் கதிரையைக் காட்டினார். உட்கார்ந்தேன்; ஆடியது. அந்தக் கதிரைக்கு ஒரு கால் மற்றதைவிடக் கட்டை. ஏழு வருசம் என்றதும் மனிதர்கள் நெளிகிறார்கள், நிபந்தனையைக் கேட்டுக் கலங்குகிறார்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

தாரணி நடுவில், என் மனைவி சாந்தி அந்தப் பக்கம். நான் மேசைக்குப் பின்னால் இருந்து உள்ளுக்குள் சிரித்த கேள்விகளை எல்லாம் சாந்தி ஒன்று விடாமல் கேட்டாள். பிள்ளைக்கு வயது போய்விடாதா? கூடப் படித்தவர்கள் எல்லாம் நிபுணர்களாகி நிற்க, இவள் தடிமன் காய்ச்சலுக்கும் சிரங்குக்கும் மருந்து எழுதிக்கொண்டிருப்பதா? ஒன்றுக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மறுபக்கத்தை எடுத்தேன். வங்கிக் கடன் என்றால் படித்து முடித்தவுடன் மேற்படிப்புக்குப் போகலாம், சரி. பதிவுப் பரீட்சையில் ஒரு தரம் தவறினாலும் தவணை நிற்காது, வீடு கையை விட்டுப் போகும். பிறகு மூன்று பேரும் எங்கே போவது?

தாரணி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சாந்தி கைப்பையை மூடினாள்: "வீட்டை ஈடு வைப்பம். பிள்ளையை ஈடு வைக்க வேண்டாம்."

கப்பல்துறை வாங்கு

சட்டம் சட்டந்தான். நானும் தாரணியும் கப்பல்துறைக் கிளினிக் வாங்கில் போய் உட்கார்ந்தோம். கௌசி உள்ளேயிருந்து கையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அந்தக் கிளினிக்கில் ஒரு பழக்கம் உண்டு. வாங்கில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும், என்ன வருத்தத்துக்கு வந்தாலும், தாதி கையில் மெஷினைச் சுற்றிப் பிறஷர் பார்த்துக்கொண்டே வருவார். இதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிச் சொல்லித்தான் நான் கடன் கொடுத்திருக்கிறேன். மெஷின் எனக்கு முன்னால் வந்து நின்றதும், நான் நோயாளி இல்லை, கடன் கந்தோரில் இருந்து வந்தவன் என்றேன். "வாங்கில இருந்தா கையை நீட்ட வேணும், சேர்" என்றார் தாதி.

ஒரு தரம் பார்த்தார். மற்றக் கையிலும் பார்த்தார். என்னைக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பவும் வந்து பார்த்தார். பிறகு மெஷினைச் சுற்றி வைத்துவிட்டு உள்ளே போய் டொக்டரிடம் எதையோ சொன்னார். வாங்கு முழுவதும் என் பக்கம் திரும்பியது. முருங்கை இலை என்றார் ஒருவர். உப்பைக் கண்ணாலும் காணக் கூடாது என்றார் இன்னொருவர். முழங்கால் நோவோடு வந்திருந்த ஒரு அம்மா, காலையில் என்ன சாப்பிட்டேன் என்று விசாரணையைத் தொடங்கினார். நான் வாயைத் திறப்பதற்கு முன் நான் பெற்றது சாட்சி சொல்லிவிட்டது: பிட்டும் கருவாட்டுச் சம்பலும், சம்பல் இரண்டாம் தரமும். வாங்கு பெருமூச்சு விட்டுச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், ஆனால் உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது.

கௌசி வெகு நேரம் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறஷர் நன்றாகக் கூடியிருக்கிறது, இப்போதே கண்டது நல்லது, நாளுக்கு ஒரு குளிசையும் சாப்பாட்டில் கட்டுப்பாடும் போதும், இன்னும் சில வருசம் இப்படியே விட்டிருந்தால் இருதயக்காரரிடம் அனுப்ப வேண்டி வந்திருக்கும் என்றார். தாரணியின் முகம் வெளுத்துவிட்டது. என்னை விட்டுவிட்டு அவளே ஒரு கேள்வி கேட்டாள்: "கௌசி அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. கையெழுத்துப் போட்டதுக்குக் கவலைப்படுறீங்களா?"

"ஓம், கவலைப்படுறனான்" என்றார் கௌசி. "என்னோட படிச்சவள் ஒருத்தி மெல்பேர்ணில நிக்கிறாள், கிழமைக்குக் கிழமை படம் அனுப்புவாள். காலமை அதைப் பார்த்திட்டு நல்லாக் கவலைப்படுவன். முதல் நம்பரைக் கூப்பிட்டாப் பிறகு நேரமில்லை. அதோட, என்ட மனுசனை பிளேனில ஏத்தினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

கையெழுத்து

வீட்டுக்குத் திரும்பிய உடனே தாரணி குசினிக்குள் நுழைந்து, கருவாட்டுப் போத்தலை எடுத்து அலுமாரியின் மேல் தட்டில் வைத்தாள். சாந்தி நடந்ததைக் கேட்டுவிட்டு அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினாள்.

மாதம் முடிவதற்கு முன் மூன்று பேரும் மறுபடியும் நஸ்ரின் மிஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்தோம். ஆடுகிற கதிரையை நானே எடுத்துக்கொண்டேன். நிதியத்தின் கடனைத்தான் எடுக்கிறேன் என்றாள் தாரணி. அப்படியானால் இருதய சத்திரசிகிச்சை என்னாவது என்று மிஸ் கேட்டார். "ஆசை அப்பிடியேதான் இருக்கு, மிஸ். ஆனால் இருதயம் எங்கையும் போகாது. ஏழு வருசத்துக்குப் பிறகும் இடப்பக்கந்தான் இருக்கும். அப்பான்ட இருதயந்தான் அதுவரைக்கும் பொறுக்குமோ தெரியாது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பித் தன் நிபந்தனையைச் சொன்னாள்: "நான் வரும் வரைக்கும் மாதாமாதம் கௌசி அக்காவிட்டப் போய்க் கையை நீட்ட வேணும். வந்தாப் பிறகு ஏழு வருசமும் நான்தான் பார்ப்பன். நடுவில எழும்பிப் போக ஏலாது."

நான் தலையாட்டினேன். கண் கலங்கியது, மறைக்கவில்லை. வீட்டை ஈடு வைப்போம் என்று நின்ற சாந்தி பேனையை எடுத்து மகளிடம் கொடுத்தாள். தாரணி கையெழுத்துப் போடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாந்தி மேசையில் சாய்ந்து மிஸ்ஸைக் கேட்டாள்: "இந்த மனுசனை நம்ப ஏலாது, நஸ்ரின். அந்த ஏழு வருசத்தை ஒரு பத்தாக்கிப் போட வழியில்லையோ?"

ஆக, கடன் எடுத்தது மகள். நிபந்தனை வந்து விழுந்தது என் சோற்றுக் கோப்பையில்.