மேஸ்திரிக்கு ஒரு வெல்லக்கட்டி

வீட்டுக்கு எட்டுப் பத்து என்று இருந்த பிள்ளைகள் எப்படி இரண்டு மூன்றாகக் குறைந்தார்கள் என்று ரேடியோவில் அடிக்கடி பேசுகிறார்கள். படிப்பு வந்தது, அம்மை ஊசி வந்தது, பிறந்தது பிழைக்கிறது, அதனால் நிறையப் பெற வேண்டியதில்லை என்கிறார்கள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் ஆம்பூருக்குப் பக்கத்தில் நான் பிறந்த, தோல் பதனிடும் ஷாப்பு லைனில் அது பழியில் தொடங்கியது. பழி வாங்கியவன் நான்.

ஷாப்புக்குப் பின்னால், பாலாற்றைப் பார்த்தபடி எங்கள் லைன் வீடுகள். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளை ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பது மேஸ்திரியின் வேலை. அந்த மேஸ்திரியை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எந்த வீட்டில் கை அதிகமோ அந்த வீட்டுக்குத்தான் தொட்டி கொடுப்பான். ஆண்கள் தொட்டியில் இறங்கித் தோலை இழுத்து மயிர் சீவ வேண்டும். பெண்களும் சிறுசுகளும் தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டை இடிக்க வேண்டும். கை குறைந்தால் தொட்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தொட்டி போனவன் சீவிப்போட்ட சவ்வையும் மயிரையும் கூடையில் அள்ளிக் கொட்டிப் பிழைக்க வேண்டியதுதான். அதற்குப் பயந்தே எல்லா வீட்டிலும் பெற்றுக்கொண்டே இருந்தார்கள்.

பிள்ளை பிறந்தால் மேஸ்திரி ஒரு வெல்லக்கட்டியோடு வாசலுக்கு வருவான். "கை கூடிச்சு" என்று சொல்லிக் கொடுப்பான். அதைப் பெரிய மரியாதையாக நினைத்து, முதலில் கிள்ளிப் பிள்ளையின் நாக்கில் வைப்பார்கள்.

என் அம்மா அந்த வெல்லத்தைப் பலமுறை வாங்கினாள். பெற்றதில் பாதியை ஆற்று மணலில் புதைத்தாள். நான் எத்தனையாவது என்று கேட்டால் அவளுக்கே தடுமாறும். நான் ஐந்தாவது படிக்கும்போது கடைசிப் பிரசவத்தில் செத்துப்போனாள். பிணத்தை இன்னும் குளிப்பாட்டவில்லை. மேஸ்திரி வந்து வாசலில் நின்றான்.

"ஆம்பளப் புள்ளயா?" என்றான்.

முதலில் கேட்டது அதைத்தான். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். மேஸ்திரி மடியிலிருந்து வெல்லத்தை எடுத்து நீட்டினான். அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். பொழுது சாய்வதற்குள் அந்தப் பிள்ளையும் போய்விட்டது. மறுநாள் மாடத்தில் வெல்லத்தை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் அதோடு நின்றது. கொஞ்ச காலம் தொட்டியில் கிடந்தேன், பிறகு ஓடிப்போனேன். காட்பாடி ஜங்ஷனில் மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், பெங்களூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன். எந்த இடமும் ஒட்டவில்லை. பட்டினி கிடந்தால் கிடப்பேன், கிடைத்தால் தின்பேன். அந்த வாசலும் அந்தக் கேள்வியும் மட்டும் போன ஊருக்கெல்லாம் என்னோடு வந்தன.

அறுபதுகளின் தொடக்கத்தில் லைனுக்குத் திரும்பினேன். அப்பா போய்விட்டிருந்தார். அதே வீட்டில் தங்கை, தங்கை புருஷன், மூன்று பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளை இரண்டு பிறந்து காய்ச்சலில் போயிருந்தது. மூன்றாவது பெண் பிறந்தபோதே, இன்னொன்று உண்டானால் தாய் தங்கமாட்டாள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். மேஸ்திரியோ, அடுத்ததும் பொட்டையாக இருந்தால் தொட்டியை மறந்துவிடு என்று மச்சானிடம் சொல்லியிருந்தான்.

மச்சான் கெட்டவன் இல்லை. பயந்தவன். ஒரே ஒரு பையன் பிறக்கட்டும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று என்னிடம் கெஞ்சுவதுபோல் சொன்னான். தங்கை அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அவன் வேலைக்குப் போனபின் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா செத்துக்கெடந்த எடத்துலதாண்ணா நான் படுத்துக்கறேன்," என்றாள். "எனுக்குத் தூக்கம் வர்றதில்ல."

அந்த வாரம் சர்க்கார் ஜீப்பு வந்தது. ஆண்களுக்குச் சின்ன ஆபரேஷன், பள்ளிக்கூடத்தில் முகாம் என்று மைக்கில் கத்திவிட்டுப் போனது. லைனில் ஒருவனும் அசையவில்லை. அந்த ஆபரேஷன் செய்தால் இடுப்பு நரம்பு செத்துவிடும், ஊறின தோலைத் தூக்க முடியாது என்று மேஸ்திரி பரப்பியிருந்தான். தொட்டிக்காரனுக்கு இடுப்புதான் சோறு. எல்லாரும் நம்பினார்கள். மச்சானும் நம்பினான்.

"நீ போய்ப் பண்ணிக்கினு வந்து எருமத் தோலத் தூக்கு மச்சான்," என்று சிரித்தான். "அப்பால நான் போறேன்."

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, அப்படிப்பட்டவனை முகாமில் சேர்க்கமாட்டார்கள். தங்கையின் பெண்கள் மூன்றையும் கூட்டிக்கொண்டு போய் என் பிள்ளைகள் என்றேன். பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றேன். வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தும், டாக்டர் எதிரிலேயே சின்னது "மாமா, பசிக்குது" என்றது. எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சமாளித்தேன். டாக்டருக்கு வேறு ஊர். நம்பினார். ஆபரேஷன் முடிந்தது, லைன் முழுக்கத் தெரிந்தும்போனது.

புண் ஆறியபின் ஒரு காலையில் ஷாப்புக்குள் போனேன். எருமைத் தோல் நாள்கணக்கில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிப் பிணம் மாதிரி கனக்கும். சாதாரணமாக இரண்டு பேர் கொக்கி போட்டு இழுப்பார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாக இறங்கினேன். பழக்கம் விட்டுப்போன கை, சுண்ணாம்பு பட்டதும் எரிந்தது. முதல் இழுப்பில் வழுக்கியது. இரண்டாவதில் தோள்மேல் ஏற்றிக்கொண்டு போய் மரக்கட்டையில் விரித்துப் போட்டேன். இன்னொன்றையும் கொண்டுவந்து அதன்மேல் போட்டேன். வேலை நின்று எல்லாரும் பார்த்தார்கள்.

மேஸ்திரி முக்காலியைவிட்டு எழுந்து வந்தான்.

"காயடிச்சவனுக்கு எங்கிட்ட தொட்டி கெடையாது," என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி.

பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது. பயந்தவன்தான். ஆனால் பேசிவிட்டான்.

"தோல் வண்டிய தெனம் இஸ்துக்கினு வர்றது இன்னா மாடு மேஸ்திரி? அதுவும் காயடிச்சதுதான?"

ஒருவன் சிரித்தான். பிறகு மொத்த ஷாப்பும் சிரித்தது. அந்த ஆளைப் பார்த்து லைன் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவன் முகம் கறுத்ததைப் பார்த்தபோது, எத்தனையோ நாள் பட்டினிக்கு அன்றுதான் வயிறு நிறைந்தது.

மச்சான் அடுத்த முகாமுக்குப் போனான். அவன் திரும்பிவந்த அன்று கடையில் ஒரு வெல்லக்கட்டி வாங்கி மேஸ்திரியின் முக்காலியில் வைத்து, "கை கொறஞ்சிச்சு மேஸ்திரி," என்றேன். அவன் அதை எடுத்துத் தொட்டிக்குள் எறிந்தான். பிறகு லைனில் யார் முகாமுக்குப் போய்வந்தாலும் முக்காலியில் வெல்லம் இருக்கும். நான் ஊரில் இல்லாதபோது வேறு யாராவது வைத்தார்கள். எல்லார் தொட்டியையும் பிடுங்க அவனால் முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போட்டதால், பட்டை இடிக்க இருந்த சிறுசுகளும் அங்கே போய்விட்டார்கள். கை பார்த்துக் கொடுத்த தொட்டிகளுக்கு அவன் அணைக்கட்டு ஊர்ப் பக்கமிருந்து ஆள் பிடித்துவர வேண்டியதாயிற்று. வந்தவர்கள் தங்கவில்லை. கடைசியில் ஷாப்பு முதலாளி தோலைப் போட்டுச் சுழற்றும் மிஷின் டிரம் இறக்கினார், மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பினார். டிரம் வந்ததற்கு நான் காரணமில்லை. ஆனாலும் அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அதன்பின் ஒருநாள் ஆம்பூர் பஜாரில் அவனைப் பார்த்தேன். பார்வை மங்கிக் கோல் ஊன்றி நின்றான். பக்கத்துக் கடையில் ஒரு வெல்லக்கட்டி வாங்கி அவன் கையில் வைத்தேன். ஆளைத் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பழைய பழக்கத்தில் கேட்டான்.

"யாரு வூட்ல? ஆம்பளப் புள்ளயா?"

"யாரு வூட்லயும் இல்ல மேஸ்திரி," என்றேன்.

குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டான். வெல்லத்தை எறியவும் இல்லை, தின்னவும் இல்லை. பிடித்தபடியே நின்றான். தங்கை வீட்டில் சோறாக்கி வைத்திருப்பாள் என்று நான் லைன் பக்கம் நடந்தேன்.